சேத அறிக்கையில் ஒரு சொல்

பெராமா, கப்பல் பழுதுபார்க்கும் துறை, நான்காவது மேடை.
மார்ச் மாதம், மழை விட்டிருந்த காலை.
சேதம்: சுழல்விசிறியின் இதழ் ஒன்று,
ஒருவனுடைய இடது கால்விரல் மூன்று.
எழுத வந்தவன் நான், காப்பீட்டுக்காரன்.
விரல்களுக்கு வேறு படிவம் இருக்கிறது.

கிரேனில் ஸ்ட்ராட்டோஸ்.
நாற்பது மீட்டர் உயரக் கூண்டிலிருந்து பார்த்தால்
கீழே யாருக்கும் முகம் கிடையாது,
மஞ்சள் தொப்பிகள்தான்.
இறக்கவா? என்று கேட்டிருக்கிறான்.
வாக்கி டாக்கியின் கொரகொரப்புக்கு நடுவே
ஒரே ஓர் எழுத்து ஏறி வந்தது.
நே.
கிரேக்கத்தில் ஆமாம்.
இறக்கினான்.

கீழே குனிந்து ஆப்பு அடித்துக்கொண்டிருந்தவன் ருமென்,
பல்கேரியாவில் விதின், டான்யூப் கரை.
அவன் தாய்மொழியில் அது
வேண்டாம், கூடாது, இல்லவே இல்லை.

ஒன்பது வருஷமா இங்கே இருக்கியே, என்றேன்,
சந்தையில் விலை பேசுறதும் கிரேக்கம்,
வீட்டுக்காரியோட சண்டையும் கிரேக்கம்.
"உண்மைதான். ஆனால் நாலு டன் இரும்பு
தலைக்கு மேலே அசையும்போது
வாய் என்னைக் கேட்கவில்லை,
விதினுக்கு ஓடிவிட்டது."
சொல்லிவிட்டுத் தலையை இடவலமாக ஆட்டினான்.
அவர்கள் ஊரில் அது ஒப்புதல்.
பதிந்துகொண்டிருந்த துறைமுகக் காவலர்
'சாட்சி மறுக்கிறார்' என்று எழுதினார்.
எனக்குப் புரிந்தது.
எங்கள் பக்கத்திலும் சம்மதம் நேராக இறங்காது,
கழுத்தில் கொஞ்சம் ஆடித்தான் வரும்.

அடுத்த சாட்சி ஜெவ்தெட், வெல்டர், துருக்கிக்காரன்.
காதில் இன்னும் பஞ்சு.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
நே? என்றான்.
காவலரின் பேனா 'ஆம்' எழுதக் கிளம்பிவிட்டது.
மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.
புருவத்தைப் பாருங்கள் ஐயா,
அவன் 'என்ன?' என்கிறான்.

மதியம் பூசானிலிருந்து போன்.
கப்பல் கம்பெனியின் பொறியாளர், க்வாக் யோன்-ஓக் என்ற அம்மையார்.
நான் சேதத்தைச் சொல்லச் சொல்ல
நே, நே, நே.
கொரிய மொழியிலும் ஆமாம்தான் என்று எங்கோ கேட்டிருந்தேன்.
இழப்பு அவர்கள் கணக்கு, முடிந்தது வேலை என்று
அன்று இரண்டு கோப்பை அதிகமாகக் குடித்தேன்.
மறுநாள் வந்த கடிதம் ஒரு காசுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.
'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்'
என்பதற்கும் அங்கே அதே நேதானாம்.

இரவு விடுதி அறையில் படிவத்தை விரித்தேன்.
சொல்லப்பட்டது: நே.
பொருள்: என்று ஒரு கட்டம்.
அதில் போய் நின்றுவிட்டேன்.

பள்ளியில் நெட்டுருப் போட்ட ஓரெழுத்துச் சொற்கள்
எறும்பு வரிசையாக வந்தன. ஈ, தீ, பூ, கோ.
நடுவில் எங்கோ இதுவும் இருந்தது.
யாரும் பேசிக் கேட்டதில்லை,
இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்தது.
எதிரே 'அன்பு' என்று போட்டிருக்கும்.
அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு
எந்தத் தலைப்பில் அனுப்புவது?
'தகவல் தொடர்புக் கோளாறு' என்று எழுதினேன்.
கோளாறு எவருடையது என்ற இடத்தில்
'காற்று' என்று எழுதி, அடித்தேன்.

வியாழக்கிழமை, நிகேயா மருத்துவமனை.
கையெழுத்து வாங்கப் போனேன்.
ஸ்ட்ராட்டோஸ் எனக்கு முன்பே வந்திருந்தான்,
மடியில் ஒரு பை ஆரஞ்சு.
நாலு நாளாகக் கூண்டில் ஏறவில்லையாம்.
கட்டுப் போட்ட காலைப் பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்:
வலிக்குதா?

ருமென் கண்ணைத் திறக்கவில்லை.
நே, என்றான்.

எந்த மொழியில் என்று நான் கேட்டிருப்பேன்.
ஸ்ட்ராட்டோஸ் கேட்கவில்லை.
நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு
ஆரஞ்சு ஒன்றை எடுத்து
உரிக்க ஆரம்பித்தான்.